புளிக்கு இருந்த கணக்கு

ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியல. நிலக்கடலை பிடுங்கற வேலை, அது முடியறதுக்குள்ள மழை. இன்னிக்கும் வயல்ல ஈரம் காயல. உள்ளே கால் வெச்சா மண்ணு மிதிபட்டு இறுகிப்போயிடும். சரி, உட்கார்ந்து எழுதுவோம்னு உட்கார்ந்துட்டேன். இன்னிக்கு விவசாயம் இல்ல. எங்க அண்ணனைப் பத்தியும், அவருக்கு வந்த நெஞ்சுவலிக்குப் பின்னால இருக்கற ஒரு நூறு வருஷக் கதையைப் பத்தியும் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

அண்ணன் பிறந்தது 1965. அந்த வருஷம் அக்டோபர்லதான் சேலத்துல இருந்து பிரிச்சு தர்மபுரியைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. அந்த வருஷம் நாடு முழுக்க மழை பொய்ச்சது, அடுத்த வருஷமும் பொய்ச்சது. அமெரிக்காவுல இருந்து கப்பல்ல கோதுமை வந்து ஜனங்க பசியாறின காலம். எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் மானாவாரி. ராகி, சாமை, கொள்ளு, ஓரத்துல அவரை. அதுக்கு மேல ரெண்டு புளியமரம். மழை இல்லேன்னா புளி மட்டும்தான். ராத்திரி களி கிண்டினா அப்பாவுக்கு முதல் உருண்டை, அப்புறம் பாட்டி, அப்புறம் பிள்ளைங்க. அம்மா கடைசியில சட்டியை வழிச்சுத் தண்ணி ஊத்திக் குடிப்பாங்க. அண்ணன் வயித்துல இருந்தப்பவும் அப்படித்தான். "வயித்துப்புள்ள பெருசாயிட்டா பிரசவம் கஷ்டம், கம்மியாச் சாப்பிடு"ன்னு பாட்டி வேற சொல்லுவாங்களாம். அன்பாத்தான் சொன்னாங்க. அவங்க காலத்துல பிரசவத்துல செத்த பொம்பளைங்களைக் கண்ணால பார்த்தவங்க அவங்க.

அண்ணன் எத்தனை கிலோவுல பிறந்தார்னு யாருக்கும் தெரியாது. வீட்டுலதான் பிரசவம். மருத்துவச்சி வந்து தொப்புள்கொடி அறுத்துட்டு, படி ராகி வாங்கிட்டுப் போயிட்டாங்க. எடை யார் போட்டது? எங்க வீட்டுல ஒரு தராசு இருந்துச்சு. அது புளிக்கு. எத்தனை மணங்கு புளி, எந்த வியாபாரிக்கு, என்ன விலைன்னு அப்பா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருப்பார். அந்த நோட்டு இன்னும் பரண்ல இருக்கு. புளிக்குக் கணக்கு இருந்துச்சு, புள்ளைக்கு இல்ல. "எலிக்குஞ்சு மாதிரி இருந்தான்டா, துணியில சுத்தினா துணிதான் கனமா இருக்கும்"னு அம்மா சொல்லுவாங்க. அவ்வளவுதான் எங்ககிட்ட இருக்கற பதிவு.

அவர் பத்தாவது முடிச்சு, ஐடிஐ படிச்சு, 1985-ல ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணத்தப்ப 48 கிலோ. கேன்டீன் சாப்பாடு, டீக்கு ஒரு வடை, ஞாயித்துக்கிழமை பரோட்டா. 40 வயசுல கம்பெனியில உடம்பைச் சோதிச்சாங்க. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ரெண்டும் இருக்குன்னாங்க. அப்போ 70 கிலோ. பார்த்தா குண்டுன்னு சொல்ல மாட்டீங்க. கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் சின்னப் பானை. 2012-ல ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்தவர், நெஞ்சை அடைக்குது, வாயுத் தொல்லைன்னு சொல்லி சோடா வாங்கிக் குடிச்சிருக்கார். விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. 47 வயசு.

அவர் பொண்ணு அப்போ நர்சிங் முதல் வருஷம். காரியம் முடிஞ்ச அன்னிக்கு என்கிட்ட வந்து கேட்டா: "சித்தப்பா, அப்பா குடிக்கல, பீடி தொடல, குண்டும் இல்ல. சின்ன வயசுல களியும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்னு நீங்கதானே சொல்வீங்க. அப்புறம் ஏன்?" எனக்குப் பதில் தெரியல. விதின்னு சொன்னேன். அவ அதை ஏத்துக்கல. படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிறகும் அந்தக் கேள்வியை விடல. அவ படிச்சதை எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் கீழே எழுதறதெல்லாம் எனக்குத் தெரியும். தப்பு இருந்தா அது என் புரிதல்ல இருக்கற தப்பு.

முதல்ல டாக்டர்கள் இந்த நோயை எப்படிப் பார்த்தாங்கன்னு சொல்றேன். 1948-ல அமெரிக்காவுல ஃபிரேமிங்ஹாம்ங்கற ஊர்ல ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினாங்க. 5,209 பேரைச் சேர்த்து, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சோதிச்சு, யாருக்கு மாரடைப்பு வருது, ஏன் வருதுன்னு பார்த்தாங்க. சிகரெட், ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, சர்க்கரைன்னு இன்னிக்கு நம்மகிட்ட டாக்டர் கேக்கற கேள்விகள்ல பெரும்பாலானது அங்கிருந்து வந்ததுதான். அதெல்லாம் நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அந்த ஆராய்ச்சியில சேர்ந்தவங்க எல்லாம் அப்பவே 30 வயசுக்கு மேல. அதுக்கு முன்னாடி அவங்க என்ன சாப்பிட்டாங்க, எப்படிப் பிறந்தாங்கங்கறது கணக்குல வரல.

நோய் இளவயசுலயே வேர் விடுதுன்னு ஒரு தடயம் 1953-ல கிடைச்சது. கொரியா யுத்தத்துல செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரோட இதயத்தை அறுத்துப் பார்த்தாங்க. சராசரி வயசு 22. திடகாத்திரமான பசங்க. அவங்கள்ல 100-க்கு 77 பேருக்கு இதய ரத்தக் குழாயில நோயோட அடையாளம் கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்துச்சு. 22 வயசுல இது இருக்குன்னா எப்போ ஆரம்பிச்சிருக்கணும்?

இப்போ இங்கிலாந்துக்குப் போவோம். நம்ம புளி நோட்டு மாதிரி ஒரு நோட்டு அங்கேதான் இருந்துச்சு.

1900-ஐ ஒட்டி தென்னாப்பிரிக்காவுல போயர் யுத்தம் நடந்தப்ப, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போன இடத்துல எல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு அதிர்ச்சி. வந்த ஏழை வீட்டுப் பசங்கள்ல நிறையப் பேர் குட்டையா, நோஞ்சானா இருந்தாங்க. உலகத்தையே ஆண்ட நாடு, ஆனா சொந்தப் பிள்ளைங்களுக்குச் சத்து இல்ல. அந்தக் கவலையிலதான் 1906-ல பள்ளிக்கூடத்துல சாப்பாடு போடலாம்னு அங்கே சட்டம் வந்தது. ஹார்ட்ஃபோர்டுஷைர்ங்கற மாவட்டத்துல எதெல் மார்கரெட் பர்ன்சைடுன்னு ஒரு அம்மா. செவிலியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் மேலதிகாரி. 1911-ல இருந்து அவங்க ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. அந்த மாவட்டத்துல எந்தக் குழந்தை பிறந்தாலும் எடை போட்டு எழுதணும். அப்புறம் செவிலியர் வீடு வீடாப் போகணும். ஒரு வயசு ஆகும்போது மறுபடி எடை போடணும். தாய்ப்பாலா, புட்டிப்பாலா, எத்தனை பல்லு முளைச்சிருக்கு, எல்லாம் ஒரே வரியில பதியணும். 1948 வரைக்கும் இப்படியே எழுதி வெச்சாங்க. நோட்டு நோட்டாச் சேர்ந்துச்சு. எதுக்கு ஆகும்னு யாருக்கும் தெரியாது.

1980-கள்ல சவுத்தாம்ப்டன்ல டேவிட் பார்க்கர்னு ஒரு டாக்டர். நாட்டுல எங்கே மாரடைப்புச் சாவு அதிகம்னு வரைபடத்துல பார்த்துக்கிட்டு இருந்தவருக்கு ஒரு சந்தேகம். மாரடைப்பு வசதி வந்ததால வர்ற நோய்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அங்கே ஏழ்மையான பகுதிகள்லதான் அது அதிகமா இருந்துச்சு. அவரும் அவர்கூட வேலை செஞ்சவரும் 212 பகுதிகளை எடுத்து, 1921-ல இருந்து 1925 வரைக்கும் எங்கே கைக்குழந்தைங்க அதிகமாச் செத்தாங்கன்னு ஒரு பக்கம் வெச்சாங்க. 1968-ல இருந்து 1978 வரைக்கும் எங்கே மாரடைப்புல அதிகம் பேர் செத்தாங்கன்னு இன்னொரு பக்கம். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துச்சு. 1986-ல இதை எழுதினாங்க. குழந்தை சாகற ஊர்ல, சாகாம தப்பிச்ச குழந்தை பெரியவனானதும் இதயத்தால சாகுது.

ஊர்க் கணக்கு மட்டும் போதாது, ஆள் கணக்கு வேணும். பழைய பிரசவப் பதிவுகளைத் தேடினப்பதான் பர்ன்சைடு அம்மாவோட நோட்டுகள் கையில கிடைச்சது. 1911-ல இருந்து 1930-க்குள்ள பிறந்த 5,654 ஆம்பளைங்களைப் பேர் பேரா எடுத்து, யார் எப்போ எதனால இறந்தாங்கன்னு தேடினாங்க. பொம்பளைங்களுக்குக் கல்யாணத்துல பேர் மாறிடறதால கண்டுபிடிக்கறது கஷ்டம், அதனால முதல்ல ஆம்பளைங்க மட்டும். 1989-ல முடிவு வந்தது. ஒரு வயசுல 8 கிலோவும் அதுக்குக் கீழயும் இருந்தவங்களுக்கு, 12 கிலோவும் அதுக்கு மேலயும் இருந்தவங்களை விட மாரடைப்புச் சாவு ரெண்டரை மடங்குக்கும் மேல. அதுல பெரும்பாலானவங்க தாய்ப்பால் குடிச்சவங்கதான்.

நிறையப் பேர் நம்பல. ஏழையாப் பிறந்தவன் கடைசி வரைக்கும் ஏழையாத்தான் இருப்பான், புகை பிடிப்பான், புகை மண்டின ஊர்ல இருப்பான், அதனால வர்ற நோயைக் குழந்தைப் பருவத்து மேல போடறீங்கன்னு சொன்னாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். அதனால வேற வேற நாட்டுல பழைய நோட்டுகளைத் தேட ஆரம்பிச்சாங்க. அப்படித் தேடினப்ப ஒண்ணு நம்ம பக்கத்துலயே கிடைச்சது. மைசூர்ல.

மைசூர்ல ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைன்னு ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. 1934-ல இருந்து அங்கே பிறந்த குழந்தைங்களோட எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. கரோலின் ஃபால்ங்கற டாக்டரும் மத்தவங்களும், 1934-க்கு அப்புறம் இருபது வருஷத்துக்குள்ள அங்கே பிறந்து மைசூர்லயே இருந்த 517 பேரைத் தேடிப் பிடிச்சு சோதிச்சாங்க. 1996-ல எழுதினாங்க. பிறக்கும்போது இரண்டரை கிலோவும் அதுக்குக் கீழயும் இருந்தவங்கள்ல 100-க்கு 11 பேருக்கு இதய நோய். ஏழு பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருந்தவங்கள்ல 100-க்கு 3 பேருக்கு. இதைச் சொன்னப்ப என் அண்ணன் பொண்ணு, "இரண்டரை கிலோன்னா எவ்வளவு தெரியுமா சித்தப்பா? நம்ம வீட்டுல அரிசி அளக்கற படி ஒண்ணரை கொள்ளும்"னு சொன்னா. எலிக்குஞ்சு மாதிரின்னு அம்மா சொன்னது எனக்கு அப்போ ஞாபகம் வந்துச்சு.

இது எப்படி நடக்குதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். வயித்துல இருக்கற பிள்ளைக்குச் சத்து குறைஞ்சா அது முதல்ல மூளையைக் காப்பாத்தும். மத்த உறுப்புக்கு மிச்சம்தான். சிறுநீரகத்துல ரத்தத்தை வடிகட்டற நுண்ணிய வடிகட்டிகள் பிறக்கறதுக்கு முன்னாடியே எண்ணி முடிஞ்சுடும். அப்புறம் புதுசா முளைக்காது. குறைஞ்ச வடிகட்டியோட பிறந்தவனுக்குப் பின்னாடி ரத்தக்கொதிப்பு வர வாய்ப்பு அதிகம். சதையும் அப்படித்தான், ஆரம்பத்துல குறைஞ்சது குறைஞ்சதுதான். நாம சாப்பிடற சர்க்கரையை எரிக்கற அடுப்பு இந்தச் சதை. சின்ன அடுப்பை வெச்சுக்கிட்டு பெரிய சமையல் பண்ணினா என்ன ஆகும்?

எங்களுக்கு இது நாற்றங்கால்லயே தெரிஞ்ச விஷயம். நாத்து தண்ணியில்லாம சிவந்து நோஞ்சானா வந்தா, நட்ட பிறகு யூரியாவைக் கொட்டித் தேத்திடலாம்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க. கருகருன்னு இலை விடும், பார்க்க நல்லாத்தான் இருக்கும். தூர் பிடிச்சிருக்காது. பூச்சி முதல்ல அதுலதான் விழும், காத்தடிச்சா அதுதான் சாயும். நாத்துல விட்டதை வயல்ல பிடிக்க முடியாது.

சரி, பிறக்கும்போது எடை குறைஞ்சா எல்லாமே முடிஞ்சதா? இல்ல. கதையோட அடுத்த பாதி இதுதான். என்னைப் பொறுத்த வரைக்கும் முக்கியமான பாதியும் இதுதான்.

பின்லாந்து நாட்டுல ஹெல்சிங்கியில 1934-ல இருந்து 1944-க்குள்ள பிறந்த 8,760 பேரோட எடைக் கணக்கு, பிறந்ததுல இருந்து பதினோரு வயசு வரைக்கும் இருந்துச்சு. பார்க்கரும் அந்த ஊர் டாக்டர்களும் 2005-ல அதைப் பார்த்தாங்க. பின்னாடி மாரடைப்பு வந்தவங்க பிறக்கும்போது சின்னவங்க, ரெண்டு வயசுல ஒல்லி, அதுக்கப்புறம் மளமளன்னு எடை கூடினவங்க. பதினோரு வயசுல மத்த பிள்ளைங்க மாதிரிதான் இருந்தாங்க. யாரும் "குண்டுப் பையன்"னு சொல்லியிருக்க மாட்டாங்க.

நம்ம டெல்லியிலும் இதே மாதிரி. 1969-ல இருந்து 1972-க்குள்ள தெற்கு டெல்லியில பிறந்த குழந்தைங்களை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடை போட்டு, உயரம் அளந்து, பெரியவங்க ஆகற வரைக்கும் எழுதி வெச்சிருந்தாங்க. அவங்கள்ல 1,492 பேரை 26-ல இருந்து 32 வயசுல சோதிச்சாங்க. 2004-ல வந்த முடிவு: சர்க்கரை நோயோ அதுக்கு முந்தின நிலையோ வந்தவங்க ரெண்டு வயசு வரைக்கும் ஒல்லியா இருந்து, அப்புறம் வேகமாச் சதை போட்டவங்க. 12 வயசுல அவங்கள்ல ஒருத்தர் கூட உடல்பருமன் கணக்குல வரல. சர்க்கரை வந்தா இதயத்துக்கும் ஆபத்துன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

நல்லாப் பிறந்த பிள்ளைன்னா எவ்வளவு வேணா குண்டாகலாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. டென்மார்க்ல கோபன்ஹேகன் பள்ளிக்கூடங்கள்ல வருஷா வருஷம் பிள்ளைங்களை எடை போட்டு எழுதினதை வெச்சு, 2,76,835 பேரைப் பார்த்தாங்க. 2007-ல முடிவு வந்தது. ஏழு வயசுல இருந்து பதிமூணு வயசுக்குள்ள உயரத்துக்கு மீறின எடை எவ்வளவு கூடுதோ, பின்னாடி இதய நோயும் அவ்வளவு கூடுது. பதிமூணு வயசு எடை ஏழு வயசு எடையை விட ஆபத்து. ஆக குழந்தைக்கு ரெண்டு பக்கமும் கிணறு. ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் மிதமிஞ்சின தீனி. நம்ம நாட்டுல நிறையப் பேரு ரெண்டு கிணத்துலயும் வரிசையா விழுந்தவங்க. எங்க அண்ணன் அதுல ஒருத்தர்.

அண்ணனோட குச்சிக் கை, பானை வயித்துக்கும் விளக்கம் கிடைச்சது. புனேயில யாஜ்னிக்னு ஒரு டாக்டர், 1993-ல இருந்து பக்கத்துல ஆறு கிராமத்துல கர்ப்பிணிகளையும் அவங்களுக்குப் பிறந்த பிள்ளைங்களையும் கவனிச்சுக்கிட்டு வர்றார். அங்கே பிறந்த பிள்ளைங்க சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்துல 3.5 கிலோ. நம்ம பிள்ளை எல்லாத்துலயும் சின்னது, கை கால் சதையும் குறைவு. ஆனா தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட வெள்ளைக்காரப் பிள்ளை அளவுக்கு இருக்கு. ஒல்லியாப் பிறந்தாலும் உள்ளுக்குள்ள கொழுப்புப் பிள்ளை. 2004-ல அவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர் நண்பரோட நின்னு எடுத்த படத்தை ஒரு மருத்துவப் பத்திரிகையில போட்டார். ரெண்டு பேருக்கும் உயரத்துக்கேத்த எடைக் கணக்கு ஒரே அளவு, 22.3. உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு பார்த்தா வெள்ளைக்காரருக்கு 100-க்கு 9, இவருக்கு 21. எடைமெஷின் ரெண்டு பேரையும் ஒண்ணுன்னுதான் சொல்லும்.

அந்தக் கிராமத்து ஆராய்ச்சியில நான் கவனிச்ச இன்னொண்ணு. வயிறு முட்டச் சாப்பிட்ட அம்மாவுக்குத்தான் பிள்ளை நல்லாப் பிறந்துச்சுன்னு இல்ல. கீரை, பால், பழம் அடிக்கடி சாப்பிட்ட அம்மாக்களோட பிள்ளைங்கதான் கொஞ்சம் பெருசாப் பிறந்தாங்க. கீரை எங்க வரப்புல சும்மா முளைக்குது.

நம்ம தமிழ்நாட்டுக்கு வர்றேன். நாம ஒண்ணும் செய்யாம இருந்த ஊர் இல்ல. காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப 1956-ல மதிய உணவு தொடங்கினார். 1961-ல இருந்து அதுக்கு கேர்ங்கற அமெரிக்க அமைப்பு பால் பவுடர், மாவு, எண்ணெய் எல்லாம் கொடுத்துச்சு. நானும் அண்ணனும் தட்டைத் தூக்கிட்டுப் போய் வாங்கித் தின்ன மஞ்சள் உப்புமா அந்த மாவுலதான். அதோட வாசனை இப்பவும் மூக்குல இருக்கு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவைத் தொடங்கினப்ப நாங்க அந்த வயசைத் தாண்டிட்டோம். இந்தச் சாப்பாடு எத்தனை லட்சம் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த உப்புமா இல்லேன்னா நான் இந்த எழுத்தைப் படிச்சிருக்க மாட்டேன்.

ஆனா பள்ளிக்கூடத்துச் சாப்பாடு வாய்க்கு வர்றப்ப பிள்ளைக்கு அஞ்சு வயசு. நாத்து அப்போ நட்டாச்சு. அதுக்கு முந்தின காலத்தைக் கவனிச்ச திட்டம் ஒண்ணும் நம்ம ஊர்ல இருந்துச்சு, அதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. 1980-ல உலக வங்கிக் கடன்ல, மதுரை மாவட்டத்துல ஆரம்பிச்ச தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் இருக்கற குழந்தைங்களை அந்தந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தரே மாசா மாசம் தராசுல தொங்கவிட்டு எடை போட்டு, அட்டையில கோடு போடுவாங்க. கோடு மேலே ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை. கோடு ஏறினதும் நிறுத்திடுவாங்க. பர்ன்சைடு அம்மாவோட நோட்டு எழுபது வருஷம் கழிச்சு நம்ம ஊருக்கு வந்த மாதிரி. இன்னிக்கு அங்கன்வாடியில எடை போடறாங்களே, சத்துமாவு தர்றாங்களே, அதையெல்லாம் அலட்சியமா நினைக்காதீங்க. 1987-ல ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பணம் தர டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல திட்டம் வந்ததும் அதே வழியிலதான்.

பட்டணத்துல இருந்து எங்க வயலைப் பார்க்க வர்றவங்க எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க: "அந்தக் காலத்துல நீங்கள்லாம் களி, கூழ்னு எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்கீங்க!" நானும் முன்னாடி தலையாட்டுவேன். இப்போ ஆட்டறதில்ல. ராகி நல்ல தானியம்தான், இன்னும் விதைக்கறேன். ஆனா எங்க தட்டுல இருந்தது அரை உருண்டை. கூட நல்ல குழம்பு இருந்தா அதிர்ஷ்டம், முட்டை தீபாவளிக்கு. அம்மாவுக்கு அதுவும் இல்ல. பசு கன்னு போட்டா முதல் சீம்பாலைக் கன்னுக்குட்டிக்குத் தவறாம ஊட்டற நாங்க, பிள்ளைக்கு மட்டும் தாயோட சீம்பால் ஆகாதுன்னு பீய்ச்சிக் கீழே விட்டு, சர்க்கரைத் தண்ணி தொட்டு வெச்சோம். அதையும் சேர்த்துத்தான் அந்தக் காலம்னு சொல்லணும்.

அண்ணன் செத்தது இதனாலதான்னு நான் தீர்ப்பு எழுதல. எடை குறைஞ்சு பிறந்த எல்லாருக்கும் மாரடைப்பு வர்றதில்ல. ராத்திரி ஷிஃப்ட், தூக்கமில்லாம இருந்தது, மாத்திரையை விட்டு விட்டுப் போட்டது, நேரத்துக்கு ஆஸ்பத்திரி போகாதது, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா அவ கேட்ட "ஏன்"ங்கற கேள்விக்கு விதின்னு நான் சொன்ன பதிலை விட இது நேர்மையான பதில்.

போன மாசம் அவ லீவுல வந்திருந்தா. அவ பொண்ணுக்கு, என் பேத்திக்கு, நாலு வயசு. 2.4 கிலோவுல பிறந்தவ. ஒல்லிதான், ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டா. எனக்கு மனசு கேக்கல. பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்பவே கிரீம் பிஸ்கட் நாலு பாக்கெட், சிப்ஸ், பாக்கெட் ஜூஸ் வாங்கிட்டேன். "இதைத் தின்னு தாத்தா மாதிரி ஆகணும்"னு மடியில உட்கார வெச்சு ஊட்டிக்கிட்டு இருந்தேன். அவ பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. ராத்திரி குழந்தை தூங்கின பிறகு திண்ணையில வந்து உட்கார்ந்தா.

"சித்தப்பா, எங்கப்பாவுக்குக் கிடைக்காததை எல்லாம் இவளுக்குக் கொடுக்கணும்னு நினைக்கிறீங்க. எனக்குப் புரியுது. ஆனா அப்பாவுக்கு முதல்ல பசி, அப்புறம் பரோட்டா. இவளும் சின்னதாப் பிறந்துட்டா, அதை நான் மாத்த முடியாது. அடுத்த பாதி என் கையில இருக்கு. அவ ஒல்லியா இருக்கட்டும் சித்தப்பா. உயரமா வளர்றாளான்னு மட்டும் பாருங்க."

எனக்குப் பதில் வரல. உள்ளே என் வீட்டுக்காரம்மா அப்பதான் எல்லாருக்கும் பரிமாறி முடிச்சுட்டு, குழம்புச் சட்டியை வழிச்சுக்கிட்டு இருந்தாங்க. முப்பத்தி மூணு வருஷமா அவங்க எப்போ சாப்பிடறாங்கன்னு நான் பார்த்ததே இல்ல. எங்கம்மாவைப் பத்தி இவ்வளவு எழுதற நான்.

இப்போ எங்க வீட்டுல ரெண்டு மாத்தம். ராத்திரி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பாடு, சட்டியை நடுவுல வெச்சு. மருமக மாசமா இருக்கா, அஞ்சாம் மாசம். முட்டை, பால், முருங்கைக்கீரை முதல்ல அவ தட்டுக்கு. "புள்ள பெருசாயிடும்"னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாங்க. ஆகட்டும் பாட்டி, ஆஸ்பத்திரி இருக்குன்னு சொன்னேன். பேத்திக்கு இனி பஸ் ஸ்டாண்டு பொட்டலம் கிடையாது. வறுத்த நிலக்கடலையும் கொய்யாப்பழமும் பையில கட்டி அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா. பரவால்ல.

பரண்ல இருந்து அப்பாவோட புளி நோட்டை எடுத்தேன். பின்பக்கம் நிறையத் தாள் வெறுமையா இருந்துச்சு. அதுல பேத்தியோட பிறந்த எடை, ஒரு வயசு எடை, ரெண்டு வயசு எடை, இப்போ இருக்கற உயரம் எல்லாம் அவகிட்டக் கேட்டு எழுதி வெச்சிருக்கேன். அதுக்குக் கீழ ஒரு வரி விட்டு வெச்சிருக்கேன். நாலு மாசத்துல வர்ற பிள்ளைக்கு.

வயல் நாளைக்குக் காஞ்சிடும்னு நினைக்கிறேன். கொள்ளு விதைக்கணும். அடுத்த பதிவுல அதைப் பத்தி எழுதறேன். உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்க பிறந்தப்ப எப்படி இருந்தாங்க, அவங்க அம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்டதை எழுதியும் வைங்க.